மைதா, சர்க்கரை, தண்ணீர்: இல்லாத காலத்துப் பை – வாசகர் கேள்வி பதில்

பழம் கிடைக்காது, எலுமிச்சை விலை அதிகம், முட்டையும் எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும் என்றிருந்த நாட்களில், அமெரிக்க வீடுகளில் அலமாரியில் இருந்ததை மட்டும் வைத்துச் சுட்ட பை (pie, மாவு ஓட்டுக்குள் இனிப்பை நிரப்பிச் சுடும் பண்டம்) வகைகளுக்கு அங்கே ‘டெஸ்பரேஷன் பை’, அதாவது வேறு வழியில்லாமல் செய்த பை, என்று பெயர். 1929-இல் தொடங்கிய பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவார்கள். ஆனால் வினிகர் பையும் பிஸ்கட் பையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தவை. இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இவற்றைப் பற்றியவைதான். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பதில்களில் 1 கப் என்பது 240 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. எல்லாம் 9 அங்குலப் பைத் தட்டுக்கான அளவு. வெப்பம் செல்சியஸில், விசிறி இல்லாத ஓவனுக்குச் சொல்லியிருக்கிறோம். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெறும் தண்ணீரை ஊற்றிப் பை செய்யலாம் என்கிறார்களே, உண்மையா, கேலியா? உண்மை என்றால் முழுச் செய்முறையும் வேண்டும்.

பதில்: உண்மைதான். வாட்டர் பை என்பார்கள். தண்ணீர், சர்க்கரை, மைதா, வெண்ணெய், கொஞ்சம் வெனிலா, அவ்வளவே. சுட்டு ஆறிய பிறகு வெண்ணெய் மணத்தோடு, ஜெல்லிக்கும் கஸ்டர்டுக்கும் நடுவில் ஒரு பதத்தில் நிற்கும். மைதாவில் உள்ள ஸ்டார்ச் வெந்நீரில் ஊதி, தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால்தான் அது கெட்டியாகிறது.

தேவையானவை: சுடாத க்ரஸ்ட் (பையின் மாவு ஓடு, செய்முறை கீழே) ஒன்று, தண்ணீர் 360 மில்லி, சர்க்கரை 200 கிராம், மைதா 32 கிராம் (தலை தட்டிய 4 மேசைக்கரண்டி), உப்பு 2 சிட்டிகை, வெனிலா எசன்ஸ் 2 தேக்கரண்டி, வெண்ணெய் 70 கிராம்.

ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு பேக்கிங் ட்ரேயை வைத்து, 200 டிகிரிக்கு 20 நிமிடம் சூடாக்குங்கள். க்ரஸ்ட்டைத் தட்டில் விரித்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து எடுங்கள். அடியில் முள்கரண்டியால் குத்தக் கூடாது. மற்ற பைகளுக்குக் குத்துவது வழக்கம்தான், ஆனால் இங்கே ஊற்றப்போவது தண்ணீர். ஒரு ஓட்டை இருந்தாலும் உள்ளே ஊற்றியது தட்டுக்கும் க்ரஸ்ட்டுக்கும் நடுவே இறங்கி, அடியில் பாகாகி ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரை க்ரஸ்ட்டில் ஊற்றுங்கள். சர்க்கரை, மைதா, உப்பு மூன்றையும் தனிக் கிண்ணத்தில் நன்றாகக் கலந்து, தண்ணீரின் மேல் பரவலாகத் தூவுங்கள். தூவிய பின் கரண்டியைப் போடாதீர்கள். சர்க்கரைப் பரல்கள் மைதாவை இடைவெளி விட்டுப் பிரித்து வைத்திருப்பதால் அது கட்டி தட்டாமல் மெல்ல நனைந்து இறங்கும். கலக்கினால் சுடாத க்ரஸ்ட்டின் அடிப்பகுதி சிராய்ந்து, மாவு தண்ணீரில் கரைய ஆரம்பிக்கும். மேலே வெனிலாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெண்ணெயை ஐந்து வில்லைகளாக வெட்டி அங்கங்கே போடுங்கள்.

இதையெல்லாம் சமையல் மேடையில் வைத்துச் செய்துவிட்டு ஓவன் வரை தூக்கிக்கொண்டு போனால் கட்டாயம் சிந்தும். வெறும் க்ரஸ்ட்டை முதலில் சூடான ட்ரேயின் மேல் வைத்து, ஓவன் தட்டைப் பாதி வெளியே இழுத்து, அங்கேயே தண்ணீரை ஊற்றித் தூவி, மெல்ல உள்ளே தள்ளுங்கள்.

200 டிகிரியில் 30 நிமிடம். பிறகு 190-க்குக் குறைத்து, ஓரம் கருகாமலிருக்க விளிம்பை மட்டும் அலுமினியத் தாளால் மூடி, இன்னும் 30 நிமிடம். எடுக்கும்போது நடுவிலும் சோம்பலாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் பார்த்தால் கெட்டுப்போய்விட்டது என்றே தோன்றும். வெண்ணெய் மேலே மிதக்கும், தட்டை அசைத்தால் மொத்தமும் ஆடும். பயப்பட வேண்டாம். வெளியில் 3 மணி நேரம், ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம் ஆறட்டும். முதல் நாள் இரவே சுட்டு வைப்பதுதான் நல்லது.

தண்ணீருக்குப் பதில் நிறமில்லாத லெமன் குளிர்பானம் ஊற்றுவோரும் உண்டு. அதில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும் என்பதால், நீங்கள் போடும் சர்க்கரையில் 40 கிராம் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: சொன்னபடி ஒரு மணி நேரம் சுட்டும் உள்ளே தண்ணீராகவே இருந்தது. மைதாவைக் கூட்டலாமா?

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. மைதாவைக் கூட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் அளவு. சாதாரணக் காபி மக் ஒன்று 300 மில்லி கூடப் பிடிக்கும். அதில் ஒன்றரை அளந்தால் 450 மில்லி; அதாவது 90 மில்லி கூடுதல். சர்க்கரையையும் மைதாவையும் தராசில் நிறுத்து, தண்ணீரை மட்டும் கண்ணால் அளக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. தண்ணீரையும் தராசில் வையுங்கள். 360 மில்லி என்பது 360 கிராம்தான்.

இரண்டாவது வெப்பம். கோதுமை ஸ்டார்ச் வெறும் தண்ணீரில் 60 டிகிரி வாக்கில் ஊதத் தொடங்கும். இவ்வளவு சர்க்கரை கரைந்த தண்ணீரில் அது நடக்க இன்னும் அதிகச் சூடு வேண்டும், ஏனென்றால் சர்க்கரையும் அதே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓரத்தில் குமிழி வந்து, நடுவில் வராமல் இருந்தால் நடுப்பகுதி வேகவில்லை என்று பொருள். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 95 டிகிரியைத் தாண்ட வேண்டும். சிறிய ஓவன்களில் திருகில் எழுதியிருக்கும் 200 உள்ளே 175-ஆக இருப்பது அபூர்வமில்லை. ஓவனுக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால், இந்தப் பைக்கு மட்டுமின்றி எதைச் சுட்டாலும் பயன்படும். அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் நடுக்குமிழியைப் பாருங்கள். 10, 15 நிமிடம் கூடுதலாகப் போனாலும் தவறில்லை.

மூன்றாவது, ஆறுவதற்கு முன் வெட்டுவது. ஊதிய ஸ்டார்ச் ஆறும்போதுதான் இறுகும். இளஞ்சூட்டில் வெட்டினால் முதல் துண்டு எடுத்த இடத்தில் மீதியெல்லாம் வழிந்து வந்து நிற்கும், அப்புறம் அது சேராது.

நான்காவது, மைதாவுக்குப் பதில் கார்ன்ஃப்ளார் போட்டது. கார்ன்ஃப்ளாருக்குக் கெட்டியாக்கும் திறன் மைதாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பது சரிதான். ஆனால் கலக்காமல் விடும் இந்த முறையில் அது அடியில் படிந்து ஒரு வெள்ளைப் படலமாக நின்றுவிடும், மேலே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். கார்ன்ஃப்ளார்தான் வேண்டும் என்றால் அடுப்பில் கிளறிக் காய்ச்சி, சுட்ட க்ரஸ்ட்டில் ஊற்றுங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்து, இரவு முழுக்க ஆறிய பிறகும் இளகலாக இருந்தால் மட்டும் அடுத்த முறை மைதாவில் 1 மேசைக்கரண்டி கூட்டிப் பாருங்கள். அதற்கு மேல் கூட்டினால் பசை காய்ச்சியது போல் மாவு வாடை வரும்.

ஏற்கெனவே இளகிப்போனதை வீணாக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைப் பாத்திரத்தில் வழித்து, 1 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, கிளறிக்கொண்டே ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். ஊறிய க்ரஸ்ட்டை மறுபடி மொறுமொறுப்பாக்க வழியில்லை. அதனால் உள்ளடக்கத்தைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் குளிர வைத்து, க்ரஸ்ட்டின் ஓரத்தை உடைத்து மேலே தூவிக் கொடுங்கள். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: வெண்ணெய் போட்டு க்ரஸ்ட் செய்தால் சிக்கனப் பை என்று எப்படிச் சொல்வது? எண்ணெயில் செய்ய முடியாதா?

பதில்: தாராளமாக. 180 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, மணமில்லாத எண்ணெய் 100 மில்லி, குளிர்ந்த தண்ணீர் அல்லது பால் 45 மில்லி. எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு கிண்ணத்தில் அடித்து, மாவில் ஊற்றி, முள்கரண்டியால் கிளறிச் சேர்த்தால் போதும். பிசைய வேண்டாம். இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். அது கிழிந்துகொண்டே வந்தால் தேய்ப்பதை விட்டுவிட்டு, தட்டிலேயே போட்டு விரலால் அழுத்திப் பரப்பலாம். அடியும் பக்கமும் சேரும் மூலையில் மாவு தடித்து நின்றுவிடும், அங்கே மட்டும் ஒரு டம்ளரின் அடியால் அழுத்துங்கள்.

எண்ணெய் மாவைச் சீராகப் பூசிவிடுவதால் அடுக்கடுக்காகப் பிரியாது, பொருபொருவென்று உதிரும். தண்ணீர் நிறைந்த உள்ளடக்கத்துக்கு இதுவே வசதி, ஏனென்றால் கொழுப்பு பூசிய மாவு எளிதில் ஊறாது.

வெண்ணெயிலேயே செய்வதானால் எடைக்கணக்கு மாவு 3 பங்கு, கொழுப்பு 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. அதாவது 180, 120, 60 கிராம். சிக்கனத்துக்காகக் கொழுப்பை 90 கிராம் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் கடிபடாத தகடாகிவிடும். மேலோடாகப் போடுவதற்கு வெண்ணெய் பட்டாணி அளவில் தெரிய வேண்டும். அடியில் போடுவதற்கு ரவை பதம் வரும்வரை தேய்த்துக் கலந்துவிடுங்கள், ஊறாமல் இருக்கும்.

கேள்வி: க்ரஸ்ட் சுட்டதும் சுருங்கிப் பக்கச் சுவர் சரிந்துவிடுகிறது.

பதில்: தட்டில் விரிக்கும்போது இழுத்து ஒட்ட வைத்திருப்பீர்கள். இழுத்த மாவு சூட்டில் பழைய இடத்துக்குத் திரும்பும். தட்டைவிட 2 அங்குலம் அகலமாகத் தேய்த்து, தூக்கி மூலைக்குள் இறக்கி விடுங்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

வெறும் க்ரஸ்ட்டை முன்கூட்டிச் சுடுவதானால் அடியைக் குத்தி, பட்டர் பேப்பர் விரித்து, அரிசியோ காய்ந்த பயறோ விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி வரை நிரப்பினால் மேல் பாதி சரியத்தான் செய்யும். 200 டிகிரியில் 18 நிமிடம், பிறகு பேப்பரோடு அரிசியை எடுத்துவிட்டு மேலும் 8 முதல் 10 நிமிடம், அடி பொன்னிறமாகும்வரை. அந்த அரிசியை ஆறவைத்து டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த பைக்கும் ஆகும்.

கேள்வி: மேலே நன்றாகச் சிவந்திருக்கிறது, அடி மட்டும் வெந்ததாகவே தெரியவில்லை. தட்டு பீங்கான்.

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். கனமான பீங்கான் சூடேற வெகுநேரம் எடுக்கும், அதற்குள் மாவு ஊறிவிடும். மங்கலான நிறமுள்ள உலோகத் தட்டுதான் இதற்குச் சிறந்தது. பளபளக்கும் அலுமினியம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். கண்ணாடித் தட்டில் அடி எந்த நிறத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம், ஆனால் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு சூடான ட்ரேயில் வைத்தால் விரிசல் விடும், எச்சரிக்கை. பீங்கான்தான் இருக்கிறது என்றால் கீழ்த்தட்டில் வைத்து, 10 நிமிடம் கூட்டுங்கள், மேற்பகுதியை அலுமினியத் தாளால் மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வினிகர் பை என்று ஒன்று உண்டாமே? ஊறுகாய் வாடை அடிக்காதா?

பதில்: அளவோடு போட்டால் அடிக்காது. எலுமிச்சை கிடைக்காத ஊர்களில், கிடைக்காத பருவத்தில், புளிப்புக்காக வினிகரை எடுத்துக்கொண்டார்கள். சாப்பிடுகிறவருக்கு எலுமிச்சை கஸ்டர்டைப் போலவே இருக்கும், எலுமிச்சைத் தோலின் மணம் மட்டும் இருக்காது. ஆப்பிள் சைடர் வினிகர் என்றால் மெல்லிய பழ மணம் வரும். வெள்ளை வினிகரும் ஆகும், கொஞ்சம் காரமாகத் தெரியும். எதுவானாலும் 4 முதல் 5 சதவீத அமிலமுள்ள சமையல் வினிகராக இருக்க வேண்டும். நீர்த்துப் பயன்படுத்தச் சொல்லி விற்கும் செறிந்த அசிட்டிக் அமிலத்தை இதற்கு எடுக்கவே கூடாது. அது தொண்டையையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும்.

முன்கூட்டிச் சுட்ட க்ரஸ்ட் ஒன்று. ஸ்டீல் பாத்திரத்தில் சர்க்கரை 200 கிராம், கார்ன்ஃப்ளார் 40 கிராம், உப்பு கால் தேக்கரண்டி மூன்றையும் கலந்து, 400 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரையுங்கள். மிதமான தீயில் கைவிடாமல் கிளறி, கொதி வந்து கண்ணாடி போலக் கெட்டியானதும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 3 முட்டை மஞ்சள் கருவைத் தனியே அடித்து, சூடான கலவையில் ஒரு கரண்டி எடுத்து அதில் விட்டுக் கலக்கி, பிறகு மொத்தத்தையும் பாத்திரத்தில் ஊற்றி இன்னும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி வைத்து, வெண்ணெய் 30 கிராம், கடைசியாக வினிகர் 40 மில்லி. க்ரஸ்ட்டில் ஊற்றி, ஆடை படியாமலிருக்க பட்டர் பேப்பரை மேற்பரப்பில் ஒட்டினாற்போல் மூடி ஆற வையுங்கள்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முட்டை சேர்த்த பிறகு கொதித்தால் திரிந்துவிடுமோ என்று பயந்து உடனே இறக்கிவிடுவார்கள். அப்போது கெட்டியாகத்தான் இருக்கும், மறுநாள் காலையில் பார்த்தால் குழம்பாகக் கிடக்கும். மஞ்சள் கருவில் ஸ்டார்ச்சைச் சிதைக்கும் ஒரு என்சைம் இருக்கிறது. கொதி வந்தால்தான் அது செயலிழக்கும். கார்ன்ஃப்ளார் இருக்கும்வரை மஞ்சள் கரு அவ்வளவு எளிதில் திரியாது, துணிந்து கொதிக்க விடுங்கள்.

இரண்டாவது, வினிகரை முதலிலேயே தண்ணீரோடு சேர்ப்பது. புளிப்போடு சேர்த்து வெகுநேரம் கொதித்தால் ஸ்டார்ச் உடைந்து இளகும். அதனால்தான் வினிகர் கடைசியில். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோகச் சுவை ஏறும்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. எவையெல்லாம் செய்யலாம்?

பதில்: வாட்டர் பையிலும், அடுத்த கேள்வியில் வரும் சுகர் க்ரீம் பையிலும் முட்டையே கிடையாது. வினிகர் பையில் மஞ்சள் கருவை விட்டுவிட்டு கார்ன்ஃப்ளாரை 45 கிராமாக்குங்கள். நிறம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். முட்டை, சர்க்கரை, வெண்ணெய் வைத்துச் செய்யும் செஸ் பை மட்டும் முட்டை இல்லாமல் நடக்காது.

கேள்வி: பால் இருக்கிறது, க்ரீம் இல்லை. சுகர் க்ரீம் பை வருமா?

பதில்: வரும். இது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பை. ‘ஹூசியர் பை’ என்றும் சொல்வார்கள். 2009-இல் அந்த மாநில செனட் இதைத் தங்கள் மாநிலப் பை என்று தீர்மானமே போட்டது. ஆப்பிள் தீர்ந்துபோன மாதங்களில் பண்ணை வீடுகளில் பாலும் சர்க்கரையும் வைத்துச் செய்தது.

பால் 500 மில்லி, சர்க்கரை 150 கிராம், கார்ன்ஃப்ளார் 35 கிராம், வெண்ணெய் 60 கிராம், உப்பு சிட்டிகை, வெனிலா 1 தேக்கரண்டி. சர்க்கரையையும் கார்ன்ஃப்ளாரையும் குளிர்ந்த பாலில் கரைத்துவிட்டே அடுப்பேற்றுங்கள். சூடான பாலில் கொட்டினால் கட்டி தட்டும். கெட்டியாகி ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கி, வெண்ணெயும் வெனிலாவும் சேர்த்து, சுட்ட க்ரஸ்ட்டில் ஊற்றி, ஜாதிக்காயோ பட்டைத் தூளோ தூவி, 165 டிகிரியில் 25 நிமிடம். பிறகு 4 மணி நேரம் ஃப்ரிட்ஜ். க்ரீமில் செய்ததன் கனம் இதற்கு வராது, ஆனால் வெண்ணெய் அதில் பாதியை ஈடுசெய்துவிடும்.

கேள்வி: இந்தப் பைகள் எல்லாமே திகட்டும் இனிப்பு. சர்க்கரையைப் பாதியாக்கலாமா?

பதில்: எந்தப் பை என்பதைப் பொறுத்தது. வாட்டர் பையிலும் சுகர் க்ரீம் பையிலும் கால் பங்கு குறைக்கலாம். 200 என்றால் 150, 150 என்றால் 110. இதில் ஒரு லாபமும் உண்டு. சர்க்கரை குறைந்தால் ஸ்டார்ச் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், துண்டு அழகாக வரும். வாட்டர் பையில் 120-க்குக் கீழே போனால் மட்டும் மாவு ருசி தலைதூக்கும். ருசிக்கு அங்கே வேறு என்ன இருக்கிறது, வெண்ணெயும் வெனிலாவும்தானே!

செஸ் பையில் குறைக்காதீர்கள். அதன் மேல் படியும் மொறுமொறுப்பான படலமே சர்க்கரைதான். பூஜ்ய கலோரி இனிப்பூட்டிகள் இவற்றில் எதற்கும் சரிவராது. இனிப்பு வரும், சர்க்கரை கொடுக்கும் கனமும் நிறமும் வராது.

இனிப்பு உறுத்துகிறது என்றால் உப்பைக் கால் தேக்கரண்டி வரை கூட்டிப் பாருங்கள், அல்லது வாட்டர் பைக்கான தண்ணீரில் 1 மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு வினிகர் விடுங்கள். சர்க்கரையைக் குறைப்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பது எங்கள் கட்சி.

கேள்வி: செஸ் பையின் மேல்பகுதி வெடித்துவிடுகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: மெல்லிய படலத்தில் சிறு விரிசல் அதன் இயல்பு. கத்தி இறங்கும் அளவுக்குப் பிளந்தால் அதிகம் வெந்துவிட்டது. முட்டை 4, சர்க்கரை 300 கிராம், உருக்கிய வெண்ணெய் 115 கிராம், பால் 60 மில்லி, மைதா, மக்காச்சோள ரவை, வினிகர் தலா 1 மேசைக்கரண்டி: இந்த அளவுக்கு 175 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். தட்டை அசைத்தால் ஓரம் நிற்க வேண்டும், நடுவில் கைப்பிடி அகலத்துக்கு மட்டும் ஆட வேண்டும். அந்த நேரத்தில் எடுத்துவிட்டால் உள்சூட்டிலேயே மீதி வெந்துவிடும். முட்டையை நுரைக்க அடித்தாலும் பொங்கி எழுந்து பிறகு அமுங்கி வெடிக்கும், கலந்தால் போதும்.

கேள்வி: பிஸ்கட்டை வைத்து ஆப்பிள் பை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆப்பிள் இல்லாமல் ஆப்பிள் ருசி எங்கிருந்து வரும்?

பதில்: ‘மாக் ஆப்பிள் பை’ என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சோடா பிஸ்கட்டில் செய்தார்கள். 1934-இல் ரிட்ஸ் என்ற உப்பு பிஸ்கட் வந்த பிறகு அதன் பெட்டியிலேயே பல காலம் இந்தச் செய்முறையை அச்சிட்டார்கள், அதனால் ரிட்ஸின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள்.

வெந்த ஆப்பிளின் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு பட்டை, வெண்ணெய், புளிப்பு, சர்க்கரை ஆகியவற்றுடையது. வெந்த பழத்துக்கென்று தனி மணம் அதிகம் மிஞ்சுவதில்லை. மேலோட்டைத் திறந்ததும் பட்டை மணம் மூக்கில் ஏற, வாயில் நெகிழ்ந்த புளிப்புத் துண்டு அகப்பட்டால் மீதியை மனம் இட்டுநிரப்பிக்கொள்ளும். சொல்லாமல் கொடுத்தால் பலர் ஏமாறுவார்கள். ஆப்பிளையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால் ஏமாற மாட்டார்கள்.

தண்ணீர் 420 மில்லி, சர்க்கரை 400 கிராம், க்ரீம் ஆஃப் டார்ட்டர் (புளிப்புள்ள வெள்ளைத் தூள்) 2 தேக்கரண்டி: மூன்றையும் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து 15 நிமிடம், ஒன்றரைக் கப் அளவுக்குச் சுண்டும்வரை விடுங்கள். ஒரு எலுமிச்சையின் துருவிய தோலும் 2 மேசைக்கரண்டி சாறும் சேர்த்து அரை மணி நேரம் ஆற வையுங்கள். சுடாத க்ரஸ்ட்டில் 36 ரிட்ஸ் பிஸ்கட்டைப் பெரிய துண்டுகளாக உடைத்துப் பரப்பி, பாகை ஊற்றி, 2 மேசைக்கரண்டி வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, அரைத் தேக்கரண்டி பட்டைத் தூள் தூவி, மேலோடு மூடி, ஆவி போக நான்கு கீறல் போடுங்கள். 220 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். முழுக்க ஆறிய பிறகே வெட்ட வேண்டும்.

பிஸ்கட்டைத் தூளாக்கினால் கூழாகிவிடும். பாகு சுண்டவில்லை என்றாலும் அதே கதிதான். க்ரீம் ஆஃப் டார்ட்டர் இல்லாவிட்டால் அதற்கு ஈடாக மேலும் 4 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடலாம். ஒன்று சொல்ல வேண்டும்: பழம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில், 36 பிஸ்கட்டும் 400 கிராம் சர்க்கரையும் சிக்கனமே இல்லை. வேடிக்கைக்காகச் செய்து பாருங்கள்.

கேள்வி: மீந்த பையை ஃப்ரீசரில் வைத்தேன். எடுத்தபோது தண்ணீர் விட்டுவிட்டது.

பதில்: ஸ்டார்ச்சால் கெட்டியான எதுவும் உறைந்து உருகினால் பிடித்த தண்ணீரை விட்டுவிடும். வாட்டர் பை, வினிகர் பை, சுகர் க்ரீம் பை மூன்றையும் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் 3 நாள் வரை வைக்கலாம். இரண்டாம் நாளே க்ரஸ்ட் தளர்ந்துவிடும். பாலும் முட்டையும் சேர்ந்தவற்றை ஆறிய பின் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள். செஸ் பை ஃப்ரீசரைத் தாங்கும். சுடாத க்ரஸ்ட்டைத் தட்டோடு சுற்றி 2 மாதம் வரை ஃப்ரீசரில் வைக்கலாம்.

கேள்வி: பைத் தட்டே என்னிடம் இல்லை. 8 அங்குலக் கேக் டின்னில் செய்தால் அளவுகள் மாறுமா?

பதில்: எல்லாவற்றையும் ஐந்தில் நான்கு பங்காக்குங்கள். வாட்டர் பை என்றால் தண்ணீர் 290 மில்லி, சர்க்கரை 160 கிராம், மைதா 26 கிராம், வெண்ணெய் 56 கிராம், வெனிலா ஒன்றரைத் தேக்கரண்டி. க்ரஸ்ட்டுக்கு மைதா 145 கிராம். கேக் டின்னின் சுவர் செங்குத்தாக இருப்பதால் க்ரஸ்ட்டை ஒன்றரை அங்குல உயரத்தோடு நிறுத்தி, மேல் விளிம்பைச் சுவரோடு அழுத்தி ஒட்டிவிடுங்கள், சரியாது. சுடும் நேரம் முதல் பாதி 30 நிமிடமே, இரண்டாவது பாதியில் 20 நிமிடத்திலிருந்து நடுக்குமிழியைப் பார்க்கத் தொடங்கலாம். அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும் டின்னாக இருந்தால் வாட்டர் பைக்கு எடுக்காதீர்கள். க்ரஸ்ட்டில் எங்கேனும் கீறல் விழுந்தால் மொத்தத் தண்ணீரும் ஓவனுக்குள் இறங்கிவிடும். அந்த டின்னில் சுட்ட க்ரஸ்ட்டும் அடுப்பில் காய்ச்சிய வினிகர் கஸ்டர்டும் சரியாக வரும்.